பதில் சொல்லும் பக்கம்

துறைமுகத்தில் வேலை செய்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் அனுப்புவார்கள். கண், காது, நெஞ்சு என்று பார்த்து, நல்லது என்று கையெழுத்து வைத்துவிட்டால் அடுத்த வருஷம்வரை பயமில்லை. எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஒருமுறை டொக்டர் என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கவில்லை. திரும்பவும் காற்றடித்தார்.

“பிறசர் கொஞ்சம் ஏறியிருக்கு,” என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, நித்திரைக்குக் குறைவில்லை. என் உடம்புக்குள் ஒன்று ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாத நேரத்தில் யாரோ வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

“ஐயா, எனக்கு ஒண்டும் செய்யேல்லையே.”

“ஒண்டும் செய்யாது. அதுதான் அதின்ர குணம். கனக்க ஏறேல்லை, மருந்து இப்ப வேண்டாம். உப்பைக் குறையுங்கோ. பின்னேரத்தில நடவுங்கோ. மனத்தை ஆற விடுங்கோ. மூண்டு மாதத்தால வாங்கோ, பாப்பம். அப்பவும் இப்பிடி நிண்டால் உங்களை டக்கில விடேலாது. கரையில ஸ்டோரிலதான் போடுவினம்.”

டக் என்று நாங்கள் சொல்வது இழுவைப் படகை. மலைநாட்டிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளைத் தட்டைப் படகுகளில் அடுக்கி, உள்துறைமுகத்தின் நடுவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். தட்டைப் படகுக்கு எஞ்சின் கிடையாது. டக்தான் வடம் போட்டு இழுக்க வேண்டும். அந்த டக்கின் சுக்கான் என் கையில் இருந்தது. தண்டையல் என்றுதான் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காரியம் அந்தச் சுக்கான்தான். ஸ்டோரில் இருந்துகொண்டு பெயின்ரும் கயிறும் எடுத்துக் கொடுப்பது குறைவான வேலை அல்ல. ஆனாலும் ஜன்னலால் டக் போவதைப் பார்த்துக்கொண்டு, அதை வேறொருவன் ஓட்டுகிறான் என்று தெரிந்துகொண்டு, என்னால் ஒரு கதிரையில் இருக்க ஏலாது.

டொக்டர் இன்னும் சில கேள்வி கேட்டார். வீட்டில் பிரச்சினை உண்டோ என்றார். இல்லை என்றேன். வேலையில்? இல்லை. குடி? பெருநாளுக்குக்கூட இல்லை. 

“செபம் தவம் உண்டோ?”

“ஓம் ஐயா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டில செபமாலை. நான்தான் சொல்லுவிக்கிறது.”

“அது நல்லது. அதைக் கூட்டுங்கோ,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் செய்தது, குசினியில் உறியில் இருந்த கருவாட்டுப் பொதியை எடுத்து அடுத்த வளவுக்குக் கொடுத்ததுதான். அன்றைக்கே சொதி, சம்பல், புட்டு எல்லாவற்றிலும் உப்புப் பாதியாகிவிட்டது. எங்களுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏறினது அப்பாவுக்கு, இறங்கினது எங்கட நாக்குக்கு.”

“வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு,” என்றாள் தாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் அந்த மூன்று மாதமும் எனக்குப் போனது. எதைச் செய்தாலும், இது ஏற்றுமோ இறக்குமோ என்று ஒரு கேள்வி பின்னால் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த வளவில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறிய ஒரு அம்மா. தாதிமாரை எங்கள் பக்கம் மிசி என்போம். அவரை நாங்கள் மிசியக்கா என்று கூப்பிடுவோம். தனி ஆள், சைவக்காரர். காலையும் மாலையும் திருநீறு பூசிய நெற்றியோடு முற்றத்தில் பூப் பறிப்பதைக் காணலாம். பிறசர் பார்க்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. வீதியிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஊசி போட வேண்டும் என்றாலும் அவரிடம்தான் போவோம். இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் நுழைந்து போக ஒரு பொட்டு. எங்கள் கருவாடு அந்த வேலிக்கு மேலால்தான் போனது.

“தம்பி, பிறசர் எண்டது நிண்ட இடத்தில நிக்கிற சாமானில்லை,” என்றார் அவர், என் கதையைக் கேட்டுவிட்டு. “ஏறும், இறங்கும். எப்ப ஏறுது எண்டு தெரிஞ்சால் ஏன் ஏறுது எண்டும் பிடிக்கலாம். ஆஸ்பத்திரியில எங்களுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம். இப்ப எனக்கும் வேலையில்லை. நீங்கள் வேற வேற நேரத்தில வாங்கோ, ஒருக்கா பிடிச்சுப் பாப்பம்.”

அது ஒரு விளையாட்டுப் போலத் தொடங்கியது. எனக்கு நிச்சயமாக இருந்தது, ஏறுவது டக்கில்தான் என்று. தட்டைப் படகை இழுக்கத் தொடங்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் எங்கள் வேலையில் ஆபத்தான நேரம். படகு முழுக்கப் பெட்டி. டக் வெட்டி இழுத்தால் வடம் அறும். அறுந்த வடம் சும்மா விழாது; பக்கத்தில் நிற்பவனின் காலைக் கொண்டுபோகும். அதனால் எஞ்சினை மெல்லக் கொடுக்க வேண்டும். தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கும் வடம் சொட்டச் சொட்ட மேலே எழும்பும். நேராகும். பிறகு ஒரு முனகல் கேட்கும். பாரத்தை அது ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதுவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

அதனால் ஒரு நாள் வேலை முடிந்த கையோடு, சட்டையில் எண்ணெய் மணத்தோடு மிசியக்காவிடம் போய் நின்றேன். அவர் காற்றடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நல்லாய்த்தான் இருக்கு.”

“வடிவாய்ப் பாருங்கோ அக்கா.”

“முப்பது வருஷம் பாத்தனான். நல்லாய் இருக்கு.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் களவெடுத்தவன் என்று பிடித்து வைத்திருந்தவன் களவெடுக்கவில்லை என்றால் காவல்காரனுக்கு வரும் ஏமாற்றம்தான் வந்தது. அப்படியென்றால் எது?

மறு நாள் எங்கள் எஞ்சின் டிரைவரிடம் இதைச் சொன்னேன். அவர் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வேலைக்கு வருகிற முஸ்லிம் ஆள். என்னோடு பல வருஷம் ஒரே டக்கில் இருந்தவர். எஞ்சின் அறையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக் கதைப்பார்.

“கோபம்தான் தண்டையல் பிறசர். எங்கட மாமாக்கும் அப்பிடித்தான்.”

“நான் கோபிக்கிற ஆளோ?”

“இஞ்ச கோபிச்சத நான் காணல்ல. ஊட்டுல எப்பிடியோ? அத ஒங்கட பொஞ்சாதியிட்டத்தான் கேக்கணும்.” தலை உள்ளே போய்விட்டது.

நான் மனைவியிடம் கேட்கவில்லை. மிசியக்காவிடம்தான் போனேன். சாப்பிட்ட பிறகு, சாப்பிடமுதல், சந்தைக்குப் போய் வந்த பிறகு, வேலி எல்லைக்காக மைத்துனரோடு வாக்குவாதப்பட்ட பிறகு. மைத்துனரோடு பட்ட அன்று ஏறித்தான் இருந்தது. ஆனால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிய இறங்கிவிட்டது. “இது ஒரு பாவமும் அறியாத பிறசர்,” என்றார் மிசியக்கா. பின்னேரங்களில் டச்சுக் குடாப் பக்கம் நடந்தேன். பக்கத்துக் கோட்டைக்குள் வாழும் மான்கள் சில கடற்கரைவரை வந்து நிற்கும். அவை என்னைப் பார்க்கும், நான் அவற்றைப் பார்ப்பேன். நடந்துவிட்டு வந்து பார்த்த நாளெல்லாம் நன்றாக இருந்தது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்த பிறகும் அப்படித்தான்.

நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. டொக்டருக்கு மட்டும் ஏன் ஏறிக் காட்டியது? திரும்பப் போகும்போதும் அப்படிக் காட்டினால்? எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றை எப்படி வெளியேற்றுவது?

டொக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. செபத்தைக் கூட்டுங்கோ.

எங்கள் ஒழுங்கை வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர் ஒழுங்கை. மிசியக்கா வீட்டைப் போல ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள். மாலையில் கோயில் மணி அடித்ததும் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி, மாதா சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்போம். வீட்டுத் தலைவன் ஒவ்வொரு மந்திரத்தின் முற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வார்கள். ஐம்பத்துமூன்று மணி, பத்து மணிக்கு ஒரு இரகசியமாக யேசு மாதா வாழ்வின் ஐந்து காட்சிகள், இடையில் பரலோக மந்திரங்கள், பிறகு பிரார்த்தனை, கடைசியில் மாதாவுக்கு ஒரு பாட்டு. ஓலைக் கூரையும் கிடுகு வேலியும் எதை மறைக்கும்? எந்த வீடு எத்தனையாவது இரகசியத்தில் நிற்கிறது, எந்த வீடு பாட்டுக்கு வந்துவிட்டது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். முதலில் பாட்டெடுக்கிற வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. வேலை வெட்டியை ஒதுக்கிவிட்டு நேரத்துக்குத் தொடங்குகிற வீடு என்று அர்த்தம் அல்லவா?

செபத்தைக் கூட்டச் சொன்னால் எப்படிக் கூட்டுவது? பிறசர் இறங்க வேண்டும் என்று ஒன்பது நாளைக்கு ஒரு நவநாள் வைத்தேன். செபமாலை முடிந்த கையோடு நவநாள் செபமும் அதற்குரிய மன்றாட்டும். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கருத்தைச் சொன்னேன். பிள்ளைகள் முகத்தை முகம் பார்த்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தக் கூடாதே என்பதற்காகச் செபமாலையைக் கொஞ்சம் விரட்டிச் சொன்னேன். பாட்டுக்கும் பிந்தவில்லை.

நவநாள் முடிந்த அன்று, பாட்டின் கடைசி வரி வாயில் இருக்கும்போதே எழும்பி வேலிப் பொட்டுக்குள்ளால் மிசியக்கா வீட்டுக்குப் போனேன். சோதித்துப் பார்க்கவென்று போகவில்லை. காட்டவென்று போனேன்.

அவர் காற்றடித்தார். இறக்கினார். முகத்தை மாற்றாமல் மறுபடியும் காற்றடித்தார். பிறகு கருவியைத் தூக்கி, அதன் குழாயை ஊதிப் பார்த்து, தன் கையிலேயே ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“என்னக்கா?”

“என்ர சரியாய்த்தான் காட்டுது. இருங்கோ.” மூன்றாம் முறை எனக்குப் பார்த்தார். “தம்பி, இவ்வளவு நாளும் பாத்ததில இதுதான் கூட. இப்ப என்ன செய்துபோட்டு வந்தனீங்கள்?”

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

“ஆரோடயும் சண்டையோ?”

“இல்லை அக்கா. செபம் சொல்லிப்போட்டு வந்தனான்.”

அவர் பட்டியைச் சுருட்டினார். அதைச் சுருட்ட அவ்வளவு நேரம் எடுக்காது. தன் சமயம் இல்லாத ஒன்றைப் பற்றி வாய் திறக்க அவருக்கு மனமில்லை என்று விளங்கியது. நான்தான் கேட்டேன், “ஏனக்கா, செபம் சொன்னால் ஏறுமோ?”

“எனக்கு உங்கட செபத்தைப் பற்றித் தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேக்கிறது மட்டும்தான் தெரியும்.”

“என்ன கேக்கிறது?”

“கோவிக்கக் கூடாது.”

“இல்லை, சொல்லுங்கோ.”

“மற்ற வீடுகளில ஆக்கள் செபம் சொல்லினம். உங்கட வீட்டில பஸ்ஸுக்கு ஓடுற மாதிரிக் கேக்கும். நான் அடுப்பில பால் வைச்சிட்டு இருப்பன், உங்கட சத்தத்தைக் கேட்டு நானும் அவதிப்பட்டு ஊதுவன், பால் பொங்கிப்போகும்.”

நான் சிரித்தேன். ஆனால் பொட்டுக்குள்ளால் திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. இறக்கித் தரச் சொல்லி மாதாவிடம் கேட்டிருக்கிறேன், ஏறி வந்திருக்கிறது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? இதற்கு என்ன அர்த்தம்? என் செபத்தைக் கேட்கவில்லை என்பதா? அல்லது கேட்டு, இதோ நீ தேடினது இங்கேதான் இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டினதா? இன்றைக்கும் நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். அன்றைக்கு நம்பத் தெரியவில்லை.

மறு நாள் டக்கில் நின்றபடி, நான் செபம் சொல்லும் விதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற வீடுகளிலும் கொஞ்சம் இருந்திருக்கும், எங்கள் வீட்டில் கூட. பிள்ளைகள் தங்கள் பாதியை முடித்து ஆமென் சொல்லமுதலே நான் அடுத்த மந்திரத்தைத் தொடங்கிவிடுவேன். நான் என் பாதியை முடிக்கமுதலே அவர்கள் தங்கள் பாதியைத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் வாலை ஒருவர் பிடித்தபடி ஐம்பத்துமூன்று மணியும் ஓடும். இடைவெளி விட்டால் பராக்கு வந்துவிடும் என்று சின்ன வயதில் பழகியது. அதுமட்டுமா? சின்னவள் தூங்கி விழுகிறாளா, நடுவில் உள்ளவள் சும்மா வாயை மட்டும் அசைக்கிறாளா, விளக்கில் எண்ணெய் காணுமா, எதிர்வீடு எங்கே வந்துவிட்டது, எல்லாம் என் கவனத்தில்தான். மூச்சு எப்போது எடுத்தேன்? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் இல்லை.

அன்றைக்கு ஒரு கப்பலுக்கு இரண்டு தட்டைப் படகுகளைச் சேர்த்துக் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. எஞ்சினை மெல்லக் கொடுத்தேன். வடம் தண்ணீரை விட்டு எழும்பியது, நேரானது, முனகியது. நான் காத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அமைதியாக இருந்தது. எனக்கு அது அப்போதுதான் புதுமையாகப் பட்டது. மனிதன் காலைக் கொண்டுபோகக்கூடிய வடத்துக்கு முன்னால் இவ்வளவு பொறுமையாக நிற்கிறேன். என் பிள்ளைகளின் ஆமெனுக்கு நிற்கவில்லை.

“என்ன தண்டையல், சிரிக்கிறீங்க?” என்றது எஞ்சின் அறையிலிருந்து தலை.

“ஒண்டுமில்லை. நீங்கள் சொன்னது சரி. வீட்டிலதான்.”

“நான் என்ன சொன்ன?” என்று கேட்டார். அவருக்கு மறந்துவிட்டது.

அன்று மாலை விளக்கேற்றிய பிறகு மனைவியிடம் சொன்னேன், “இண்டைக்கு நீர் சொல்லும். நான் பதில் சொல்லுறன்.”

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சலோ?”

“இல்லை. பிறசருக்கு.”

நடந்ததைச் சொன்னேன், நவநாள் முடிவில் ஏறினதையும் சேர்த்து. அவள் அதைக் கேட்டுப் பயப்படவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். “எனக்கு எப்பவும் ஒரு யோசனைதான்,” என்றாள். “செபம் முடிய ஏன் இந்த மனுசனுக்கு முகம் சிவந்துபோகுது எண்டு. பக்தியாக்கும் எண்டு இருந்தனான்.”

மூத்தவள் செபமாலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்படித்தான் நான் பதில் சொல்லும் பக்கத்துக்கு வந்தேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அந்தப் பக்கத்தில் நான் முழங்காலில் நின்றதில்லை. என் மனைவி சொல்லும் விதமே வேறு. குசினியில் அரிசி புடைக்கும்போது சொல்வாளே, அந்த வேகம். தன் பாதியை முடித்துவிட்டு நிற்பாள். நாங்கள் எங்கள் பாதியைச் சொல்லி, கடைசி ஆளின் ஆமென் நிலத்தில் விழுந்த பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். அந்த இடைவெளியில் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. முழங்கால் அரித்தது. தொண்டைக்குள் அடுத்த மந்திரம் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஒருமுறை அடக்க ஏலாமல் தொடங்கியே விட்டேன்.

“அப்பா, இப்ப உங்கட முறையில்லை,” என்றாள் சின்னவள்.

எதிர்வீட்டில் பாட்டுக் கேட்டது. பிறகு அதற்கு அடுத்த வீட்டில். கோடி வீட்டிலும் கேட்டது. நாங்கள் இன்னும் நாலாவது இரகசியத்தில் நின்றோம். இருட்டுக்குள் என் காது சுட்டது. ஒழுங்கையில் இனி என்ன நினைப்பார்கள்?

முதல் சில நாள் அன்றைக்குப் போலவே. மிசியக்காவிடம் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் முடிய இருந்தது. இது பிழையான வழியாகவும் இருக்கலாம் என்ற பயம் இருந்தது. ஒரு கிழமை கழிந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மனைவி தன் பாதியைச் சொல்லும் நேரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் இல்லை. மூச்சு தானாக உள்ளே போனது. பிறகு பதில் சொல்லும்போது அந்த முழு மூச்சும் மெல்ல வெளியே வந்தது. நீளமான வசனம் அது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் மூச்சும் முடிந்திருக்கும். திரும்ப அவள் முறை. சுக்கானைப் பிடிக்காமல் படகில் இருப்பது இப்படித்தான் இருக்கும் போல.

வேறு சத்தங்களும் கேட்கத் தொடங்கின. நடுப்பிள்ளைக்குக் குரல் எவ்வளவு தடித்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. மிசியக்கா வீட்டு அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. எதற்காக அந்த இரகசியங்களைத் தியானிக்கச் சொன்னார்கள் என்றும் கொஞ்சம் விளங்கியது. மாதா தன் இனத்தவளைப் பார்க்க மலைவழியாக நடந்து போன இரகசியத்தை இருபது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அவள் எவ்வளவு தூரம் நடந்திருப்பாள், யார் துணைக்குப் போயிருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு ஒருநாள் செபம் முடிந்து, பாட்டும் முடிந்து, மெல்ல எழும்பி வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். மிசியக்கா காற்றடித்தார். நான் பாதரசத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பால் இண்டைக்குப் பொங்கேல்லை,” என்றார். “பிறசரும் பொங்கேல்லை.”

டொக்டரிடம் போகும் நாள் வந்தது. மனைவி சட்டையை மினுக்கி வைத்திருந்தாள். அங்கே என்னைப் போல நாலைந்து பேர் வாங்கில் இருந்தார்கள். முகங்களைப் பார்த்ததும் ஸ்டோர் ஜன்னல் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு டொக்டர் காற்றடித்தபோதே எனக்குத் தெரியும்.

“அப்பிடியேதான் நிக்குது,” என்றார். என் முகம் எப்படி இருந்ததோ, பிறகு சொன்னார், “நீங்கள் பயந்துபோய் இருக்கிறியள் போல. வெளியில கொஞ்ச நேரம் இருங்கோ. மற்ற ஆக்களைப் பாத்திட்டுக் கூப்பிடுறன்.”

வாங்கின் கோடியில் போய் இருந்தேன். மூன்று மாதம் உப்பில்லாமல் தின்றது, மான்களோடு நடந்தது, எல்லாம் இந்தக் கொஞ்ச நேரத்தில் வந்து நிற்கிறது என்று நினைக்க நினைக்க நெஞ்சு அடித்தது. காற்சட்டைப் பையில் செபமாலை இருந்தது. கை தானாகப் போய்ப் பிடித்தது. தொடங்கிவிட்டேன், பழைய ஓட்டத்தில், முற்பாதியும் பிற்பாதியும் நானே. இரண்டு மணி போனதும் நிறுத்தினேன். பிறசரை ஏற்றியது இந்த ஓட்டம் அல்லவா?

கண்ணை மூடினேன். முற்பாதியை நான் சொல்லவில்லை. என் மனைவி அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். அவள் எங்கே நிறுத்துவாள், எந்த இடத்தில் குரல் தாழும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். அவள் முடித்த பிறகு என் பாதியைச் சொன்னேன், உதடு அசைய. பிறகு பிள்ளைகளுக்காக நின்றேன். நடுப்பிள்ளை முடித்தாள். சின்னவள் எப்போதும் கடைசி. அவளுடைய ஆமெனும் வந்தது. பிறகு மறுபடி மனைவியின் முறை.

எத்தனை மணி போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். “அண்ணை, உங்களைத்தான் கூப்பிடுறார்.”

டொக்டர் ஒருமுறைதான் பார்த்தார். “இது பரவாயில்லை. முழுக்க இறங்கேல்லை, ஆனால் பரவாயில்லை. டக்கில நில்லுங்கோ. ஆறு மாதத்தால திரும்பக் காட்டுங்கோ.” பேனையை எடுத்தார். “என்ன செய்தனீங்கள்? உப்போ, நடையோ?”

“எல்லாம்தான் ஐயா. செபத்தையும் கூட்டினனான்.”

“பாத்தீங்களோ, நான் சொன்னனான்,” என்று சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, உப்பைக் குறைத்துச் சமைத்தது யார் என்று கேட்டாள். மிசியக்கா, நடக்கச் சொல்லி விரட்டியது தான்தான் என்றார். எஞ்சின் டிரைவர் தன் பங்குக்கு, கிண்ணியா முருங்கையிலை கொண்டுவந்து தந்ததை ஞாபகப்படுத்தினார். எல்லோரும் சொன்னது சரியாகவும் இருக்கலாம். எது இறக்கியது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. எது ஏற்றியது என்றுதான் தெரியும்.

அன்று மாலை விளக்கேற்றிவிட்டு எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். யாரும் தொடங்கவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வேலை நிலைத்துவிட்டது, அப்பா இனிப் பழைய இடத்துக்கு வருவார் என்று நினைத்திருப்பார்கள். மனைவியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“சொல்லுமன்,” என்றேன் அவளிடம். “நான் இஞ்சதான் நிக்கிறன்.”

அவள் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினாள். எதிர்வீட்டில் அப்போதே இரண்டாவது இரகசியம் போய்க்கொண்டிருந்தது.